ஒரே கடல், இரண்டு கரைப் பிள்ளைகள்



விளாத்திகுளத்தில் இருக்கும் நமக்குக் கடல் விஷயம் எதற்கு என்று கேட்பீர்கள். வைப்பாற்றைக் கேளுங்கள். மழைக்காலத்தில் நம் தெருக் குப்பையையும் புஞ்சையில் தெளித்த மருந்தையும் அள்ளிக்கொண்டு போய், சிப்பிகுளத்தருகே மன்னார் வளைகுடாவில் சேர்க்கிறது. அக்கடலின் எதிர்க்கரை இலங்கை.

1976-ம் வருஷத்து ஒப்பந்தப்படி இரு தேசங்களும் அவ்வளைகுடாவில் எல்லைக்கோடு வகுத்தன. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. முத்துச்சிப்பியின் குஞ்சு தரையில் ஒட்டுமுன் சுமார் மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரியும். 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பிகளில், எவை நம் பார்களில் பிறந்தவை, எவை சிலாவத்துறைப் பக்கத்துப் பார்களில் பிறந்தவை என்று யார் சொல்லக்கூடும்? குப்பையும் அப்படியே. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் சில வாரங்களில் இலங்கையின் வடகரையிலும் ஒதுங்கின. 2021-ல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கொட்டியதும் இதே சரக்குதான். முத்து என்று பெயர் வைத்த கப்பல்!

ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடலைச் சுற்றி இன்று ஒன்பது தேசங்கள். வாய் குறுகிய கடலாதலால் உள்ளே விழுந்த அழுக்கு லேசில் வெளியேறாது. 1989-ல் பின்லாந்து தேசத்தார் முன்வந்து, யுனெஸ்கோவின் இணைப்புப் பள்ளிகள் வழியாகப் பால்டிக் கடல் திட்டத்தைத் தொடங்கினர். அக்கரைகளுக்கு நடுவே அரசியல் வேலி நின்ற காலம் அது. மாணாக்கர் செய்தது எளிய வேலை: ஆற்று நீரையும் கடல் நீரையும் சோதிப்பது, கரையில் ஒதுங்குவதைக் குறிப்பது, பறவைகளைக் கவனிப்பது. எல்லோரும் ஒரே முறையில் செய்து, கணக்கைப் பரிமாறிக்கொண்டார்கள். ஓர் ஊர்க் கணக்கு வெறும் குறிப்பு. பல ஊர்க் கணக்கைச் சேர்த்து வைத்தால் அழுக்கு வரும் வழி தெரியத் தொடங்கும்.

அவர்கள் தங்களுக்குள் பேச அந்நிய பாஷை வேண்டியிருந்தது. வேம்பார்ப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் தாய்மொழி ஒன்றே. வாடை, கச்சான் என்ற காற்றின் பெயர்கூட ஒன்றே.

ஆனால் நம் பிள்ளைகள் எதிர்க்கரையைப் பற்றிக் கேட்பது என்ன? படகு பிடிபட்டது, ஆட்கள் சிறையில். அங்குள்ள பிள்ளை கேட்பதோ, இழுவைமடி வந்து தகப்பன் வலையை அறுத்தது என்பது. இரண்டும் உண்மை. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது; அத்தகராற்றை இப்பக்கத்தில் தீர்க்க முடியாது. பத்து வருஷம் கழித்து இவ்விருவரும் நடுக்கடலில் எதிர்ப்படுவார்கள். முதல் அறிமுகம் அதுவாகவா இருக்கவேண்டும்? கச்சத்தீவில் அர்ச். அந்தோனியார் திருநாளுக்கு இருகரைப் பெரியவர்களும் கூடுகிறார்களே!

உபாத்தியாயர்கள் பெரிய உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். வேம்பார்க் கரையில் கயிறு பிடித்து நூறு அடி அளந்து, மாதத்தில் ஒரு குறித்த நாளில் ஒதுங்கியதைப் பிள்ளைகள் எண்ணட்டும்: அன்று என்ன காற்று, பையில் அச்சிட்ட எழுத்து தமிழா சிங்களமா, பிளாஸ்டிக் மணி எத்தனை. மன்னார்ப் பள்ளி ஒன்று அதே நாளில் அதே நூறு அடியை எண்ணிக் கடிதம் எழுதட்டும். கச்சான் ஓயுமுன் தொடங்கிவிட்டால், வாடை திரும்பும்போது குப்பையும் மாறுகிறதா என்பதை முதல் வருஷத்திலேயே பார்த்துவிடலாம்.