வழுக்கும் கிளச்சு: நோயும் மருந்தும்

சமதரையிலே குறையின்றி ஓடும் மோட்டார் வண்டியொன்று மலையேற்றத்திலே சோர்வதுண்டு. எஞ்சின் முழங்கும்; வேகமோ ஏறாது. யாழ்ப்பாணத்து வீதிகளில் மறைந்திருந்த இக்குறை கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ வெளிப்படும். எஞ்சினின் வலு குன்றிற்றெனப் பலர் எண்ணுவர். எஞ்சின் விரைந்து சுழன்றும் சில்லுகள் அதற்கேற்பச் சுழலவில்லையெனின், குற்றம் இரண்டிற்கும் இடைநின்ற கிளச்சினதேயாம். 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் அறிமுகமாகி, இன்றும் நம் நாட்டில் ஓடும் மொரிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் அமுக்கத் தட்டுக்கும் நடுவே, இருபுறமும் லைனிங் பதித்த கிளச்சுத் தட்டு உளது. அது கியர்ப்பெட்டியின் தண்டோடு பிணைந்தது. வலிய வில்கள் அமுக்கத் தட்டைத் தள்ளி, இதனைப் பிளைவீலோடு இறுகப் பிடிக்கின்றன. மிதியை அழுத்தும்போது அப்பிடி தளர்கின்றது. கிளச்சு கடத்தக்கூடிய முறுக்கம் வில்களின் விசை, லைனிங்கின் உராய்வு, தட்டின் ஆரை ஆகிய மூன்றையும் பொறுத்தது. ஆரை மாறாதது. ஆகவே விசையோ உராய்வோ குறைந்தாலன்றி வழுக்கல் நிகழாது. பௌதிக வகுப்பிலே மாணவர் கற்கும் உராய்வு விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது.

நோயை உறுதிசெய்தல் எளிது. வெறுமையான வீதியிலே நான்காம் கியரில் மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்லும்போது அக்சிலேற்றரை நன்கு அழுத்துக. எஞ்சினின் ஓசை மட்டும் திடீரென உயர்ந்து, வேகம் பின்தங்கினால் கிளச்சு வழுக்குகின்றது. தாழ்ந்த கியரிலே எஞ்சின் இலகுவாக வண்டியை இழுத்துவிடுமாதலால் குறை மறையும். இச்சோதனையைப் பலமுறை செய்யலாகாது; லைனிங் சூடேறிக் கருகும்.

மருந்தை எளியதிலிருந்து தொடங்குவோம். முதலிலே கிளச்சு மிதியைக் கையால் அழுத்திப் பார்க்க. எதிர்ப்புத் தோன்றுமுன் அது சிறிது தூரம் வெறுமனே அசைதல் வேண்டும். லைனிங் தேயத் தேய இவ்வெற்றசைவு குறையுமேயன்றிக் கூடாது. அது முற்றாக அற்றால், றிலீஸ் பெயறிங் ஓயாது அழுத்தி வில்களின் விசையிற் பங்கு கவரும். மிதியின் இணைப்புக் கம்பியிலுள்ள நட்டைத் திருகி, வண்டியின் கைந்நூல் கூறும் அளவிற்கு இதனைத் திருத்தலாம். புதிய தட்டு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, எண்ணெய்க் கசிவு. கிளச்சு உறையின் அடியிலே ஒரு சிறு துளையும், அதிலே தளர்வாகத் தொங்கும் ஸ்பிளிற் பின்னும் உண்டு. பின் ஆடிக்கொண்டிருப்பதனால் துளை அடைபடாது. கசியும் எண்ணெய் வெளியேறும். துளை அழுக்கால் அடைபடின் எண்ணெய் உள்ளே தேங்கி லைனிங்கை நனைக்கும். நன்கு ஊறிய லைனிங்கைப் பெற்றோலாற் கழுவுதல் நிலையான பரிகாரமன்று. தட்டை மாற்றுதலே முறை. கசிவின் காரணத்தைத் தீர்க்காது தட்டை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவிற் பழையதன் கதியை அடையும்.

மூன்றாவது, தேய்வு. லைனிங் தறையாணிகளின் மட்டத்திற்குத் தேய்ந்திருப்பின் வேறு வழியில்லை. மொரிஸ் மைனரில் வண்டியின் உள்ளிருந்து கியர்ப்பெட்டியின் மூடியைக் கழற்றிப் பெட்டியை இறக்கவேண்டும். அவ்வேளை பிளைவீலின் முகத்திலே கீறலுண்டோவென நோக்குக. றிலீஸ் பெயறிங்கின் கரி வளையத்தையும் பார்க்க. புதிய தட்டை நடுவிலே சரியாக நிறுத்தியபின், போல்ற்றுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குக. கியர்ப்பெட்டியின் பாரம் தட்டிலே தொங்கவிடலாகாது. பழைய லைனிங்கின் தூளிலே அஸ்பெஸ்டஸ் இருத்தல் கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. காற்றடித்து ஊதாது ஈரத்துணியாற் துடைக்க.

கிளச்சின் ஆயுள் சாரதியின் இடக்காலிலும் தங்கியுள்ளது. ஓடும்போது மிதியிற் காலை வைத்திருத்தலும், ஏற்றத்திலே கைப்பிறேக்கை விடுத்துக் கிளச்சினால் வண்டியைத் தாங்கி நிறுத்தலும் லைனிங்கை வீணே தேய்ப்பன. ஆகவே புதிய தட்டுக்குப் பணம் கொடுக்குமுன், மிதியின் வெற்றசைவு எவ்வளவு, அடித்துளை திறந்துள்ளதா என்னும் இரு வினாக்களுக்கு நாமே விடை காண்போமாக. மலைப்பாதையின் நடுவிலன்றி, புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே அவற்றைக் காண்பது நன்று.