முன்பணமும் அடிமைத்தனமும்: குடும்பங்களுக்கு ஒரு பாடம்



அடிமைத்தனம் என்றதும் நம் பிள்ளைகள் கப்பலையும் சாட்டையையும் காலில் பூட்டிய சங்கிலியையும் நினைக்கிறார்கள். தூர தேசத்தில், அந்தக் காலத்திலேயே முடிந்துபோன கதை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது முடிந்துவிட்டதா? இவ்வாரம் குடும்பமாக உட்கார்ந்து இதை ஆராய்வோம். அதற்கு உதவுபவை மூன்று.

1. "1619": செல்போனில் கேட்கும் பாட்காஸ்ட். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2019-ல் வெளியிட்டது. ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து விற்ற வருஷமே இதன் பெயர். ஆங்கிலத்தில் இருப்பதால், கல்லூரியில் படிக்கும் பிள்ளை கேட்டு வீட்டாருக்குத் தமிழில் சொல்லட்டும்.

2. "தர்ட்டீன்த்": அவா டுவர்னே 2016-ல் எடுத்த ஆவணப்படம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் 1865-ல் அடிமைத்தனத்தை ஒழித்தது; ஆனால் குற்றத்திற்குத் தண்டனையாக மட்டும் அதை அனுமதித்தது. அந்தச் சிறு வாசல் வழியாகக் கறுப்பின மக்கள் சிறைக்குள் தள்ளப்பட்டு வேலை வாங்கப்பட்டதைப் படம் விளக்குகிறது. கொடூரக் காட்சிகள் உண்டு, சிறுவருக்கு ஏற்றதல்ல.

3. "கக்கூஸ்": திவ்யபாரதி 2017-ல் எடுத்த தமிழ் ஆவணப்படம். 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடுத்தும், மனிதக் கழிவை அள்ளும் வேலை சில ஜாதியார் தலையிலேயே விழுவதை அவர்கள் வாயாலேயே கேட்கிறோம். அங்கே தோலின் நிறம் செய்த காரியத்தை இங்கே ஜாதி செய்கிறது.

இம்மூன்றும் கற்பிப்பது ஒன்றே: சட்டம் வந்த பின்னும் அடிமைத்தனம் வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சேலம், நாமக்கல் பக்கத்து விசைத்தறிகளில் முன்பணம் கொடுப்பது பழைய வழக்கம். கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ தொழிலாளி வாங்குகிறார். கூலியில் பிடித்தம் செய்தும் கடன் தீருவதில்லை. அதற்குள் மற்றொரு செலவு வந்துவிடுகிறது. வேறு தறிக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்ட வேண்டும். ஆள் மாறினாலும் கடன் மாறுவதில்லை.

முன்பணம் எல்லாம் அடிமைத்தனமா? அல்ல. கஷ்டத்தில் கொடுத்துதவுவது நல்ல காரியமே. ஆனால் கடனைக் காட்டிப் போகவிடாமல் தடுத்தால், கடனுக்காகப் பிள்ளையை வேலைக்கு நிறுத்தினால், அது கொத்தடிமைத்தனம். 1976-ம் வருஷச் சட்டப்படி அத்தகைய கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய வேலையே என்று சுப்ரீம் கோர்ட் 1982-ல் தீர்ப்பளித்தது. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். குழந்தைகள் விஷயமானால் 1098-க்குப் போன் செய்யலாம்.

நம்மில் தறி வைத்திருப்போரும் உண்டு, தறி ஓட்டுவோரும் உண்டு. இருவரும் கோயிலில் ஒரே பாயில் அமருகிறோம். ஆகையால் அமெரிக்காவின் கொடுமைக்குக் கண்ணீர் விட்டுவிட்டு, நம் வீட்டுக் கணக்கு நோட்டை மூடி வைப்பது நியாயமாகாது.

வீட்டில் கேட்டுப் பார்க்க:

1. நாம் கொடுத்த முன்பணத்தின் கணக்கை வாங்கியவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

2. அவர் நாளைக்கே வேலையை விட்டுப்போக நினைத்தால், தடையின்றிப் போக முடியுமா?

3. நாம் வாங்கியவரானால், பாக்கி எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா?