மெதுவாகத் தொடங்கும் கணினி: காரணத்தைக் கண்டறிவோம்

பேராக் மாநிலத்தில் முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்த பல இடங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்குள்ள வீடுகள் சிலவற்றில் அண்ணனும் அக்காளும் பயன்படுத்திய மேசைக்கணினி, இன்று தம்பியின் பாடவேலைக்கும் உதவுகிறது. அது தொடங்குவதற்கே பத்து நிமிடம் எடுத்தால் என்ன செய்வது? கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள கடைக்குச் செல்லும் முன், காரணத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். மெதுவாகத் தொடங்குவது நோயன்று, நோயின் அறிகுறி.

முதலில் நகலெடுத்தல்

எந்தச் சோதனைக்கும் முன்னர் முக்கியமான கோப்புகளை விரலியிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுக்க வேண்டும். வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை மீண்டும் மீண்டும் கேட்டால், அது பழுதடைந்து வருகிறது எனலாம். அந்நிலையில் கணினியைத் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்ப்பது ஆபத்து. வேறொரு கணினியை வாங்கிவிடலாம். தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் வாழ்ந்த காலத்துப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நேரத்தைக் குறித்தல்

கணினி தொடங்குவதை மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியது முதல் விண்டோஸ் சின்னம் தோன்றும் வரை முதற்கட்டம். அதிலிருந்து கடவுச்சொல் கேட்கும் வரை இரண்டாம் கட்டம். கடவுச்சொல்லைத் தந்தது முதல் ஒரு கோப்பைத் தடையின்றித் திறக்கும் வரை மூன்றாம் கட்டம். தாமதம் எந்தக் கட்டத்தில் ஏற்படுகிறதோ, காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

முதற்கட்டத் தாமதம்

இக்கட்டத்தில் கணினி தன் உறுப்புகளைச் சோதித்து, இயங்குதளம் எந்தச் சேமிப்பகத்தில் உள்ளது என்று தேடுகிறது. செருகிய விரலியை எடுக்க மறந்திருந்தால், அதையும் தேடிப் பார்க்கும். எனவே, தேவையற்ற கருவிகளை அகற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். தேதியும் நேரமும் அடிக்கடி தவறாகக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் மின்கலம் வலுவிழந்திருக்கலாம்.

இரண்டாம் கட்டத் தாமதம்

இப்போது இயங்குதளத்தின் ஏராளமான சிறு கோப்புகள் வாசிக்கப்படுகின்றன. பழைய வன்தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அதன் வாசிப்பு முனை, ஒவ்வொரு கோப்பையும் இடம்விட்டு இடம் நகர்ந்து தேட வேண்டும். திடநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பே இல்லை. ஆகவே, அது விரைந்து செயல்படுகிறது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின் ஒருமுறை தாமதமாவது இயல்பே. பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாம் கட்டத் தாமதம்

பல மென்பொருள்கள் நாம் கேளாமலே கணினியுடன் சேர்ந்து தொடங்குகின்றன. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். அதன் தொடக்கச் செயலிகள் பட்டியலில் விளையாட்டு, உரையாடல் போன்ற தேவையற்றவற்றை முடக்கலாம். நச்சுநிரல் தடுப்பானை முடக்கக் கூடாது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் கவனியுங்கள். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற ஒன்றை முடக்கிவிட்டால், மறுநாள் கட்டுரையைத் தட்டச்சு செய்யும்போது தமிழ் வராமல் திகைப்பீர்கள்.

அதே பணி மேலாளரில் நினைவகப் பயன்பாட்டையும் வட்டுப் பயன்பாட்டையும் பாருங்கள். நினைவகம் ஏறக்குறைய நிரம்பியிருந்தால், கணினி வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தித் தடுமாறும். நினைவகத்தில் இடமிருந்தும் வட்டுப் பயன்பாடு பல நிமிடங்கள் 100 விழுக்காட்டிலேயே நின்றால், வட்டின் மீது ஐயம் கொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஒரே நாளில் ஐந்து மாற்றங்களைச் செய்தால், எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, மீண்டும் தொடங்கி, நேரத்தை முன்னைய குறிப்போடு ஒப்பிடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால், மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெரியவர் துணையுடன் செய்யுங்கள்.

இக்குறிப்புகளோடு கடைக்குச் செல்பவர், “கணினி மெதுவாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லமாட்டார். “கடவுச்சொல் தந்த பிறகு ஆறு நிமிடம் வட்டு ஓய்வதில்லை” என்று தெளிவாகச் சொல்வார். வன்தட்டை மட்டும் மாற்றினால் போதுமா, புதிய கணினியே தேவையா என்பதை அப்போது ஆராய்ந்து முடிவெடுக்கலாம். புதியது வாங்க நேர்ந்தாலும் பழையதைக் குப்பையில் வீசாதீர்கள். மலேசியாவில் மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் அட்டவணையிடப்பட்ட கழிவாகும். அதனை உரிய சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே பொறுப்பான செயல்.

சிந்தித்து விடையளி

1. சோதனைக்கு முன் கோப்புகளை ஏன் நகலெடுக்க வேண்டும்?
2. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்வதன் பயன் யாது?
3. உன் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு கணினியின் மூன்று கட்ட நேரத்தையும் குறித்து, தாமதத்திற்கான காரணத்தை விளக்கி ஒரு பத்தி எழுதுக.