இசைத்தட்டின் கோணலை நிமிர்த்தும் சிறு பெட்டி



இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் முள்ளின் அசைவை மின்னழுத்தமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதை நூறு மடங்கு பெருக்கிவிட்டால் போதும் என்று எண்ணிப் பெருக்கி கட்டுவோர், கடைசியில் மெலிந்த தகரக் குரலைக் கேட்டு ஏமாறுகின்றனர். தாழ்ந்த ஒலிகள் பள்ளத்தை அகலமாக அலைத்து அடுத்த பள்ளத்தின் மேல் ஏறிவிடாதிருக்கக் குறைக்கப்பட்டும், உயர்ந்த ஒலிகள் தட்டின் சரசரப்பில் மூழ்கிவிடாதிருக்கக் கூட்டப்பட்டும் பதிவாகின்றன. இந்தக் கோணல் வேண்டுமென்றே செய்யப்பட்டது; அதை எதிர்த்திசையில் நிமிர்த்துவதே ஃபோனோ முன்பெருக்கியின் முதல் வேலை, பெருக்குவது இரண்டாவதுதான்.

எவ்வளவு கோணல் என்பதை 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு 3180, 318, 75 மைக்ரோ நொடி ஆகிய மூன்று கால மாறிலிகளால் குறிக்கிறது. கால மாறிலி என்பது மின்தடையின் ஓம் மதிப்பையும் மின்தேக்கியின் ஃபாரட் மதிப்பையும் பெருக்கினால் கிடைக்கும் நேரம். ஜெர்மனியிலோ, டெலிஃபுங்கனும் டெக்காவும் சேர்ந்து தொடங்கிய டெல்டெக் நிறுவனத்தின் வளைவு 1957-இல் டின் எனப்படும் ஜெர்மன் தரவரையறைக்குள் நுழைந்து, 1962 நவம்பரில் ஆர்.ஐ.ஏ.ஏ. ஏற்கப்படும்வரை நீடித்தது. முதலிரு மாறிலிகள் இரு வளைவுகளுக்கும் ஒன்றே. மூன்றாவது மட்டும் 75 அன்று, 50. அவ்வாறு வெட்டிய தட்டை இன்றைய பெட்டியில் ஓட்டினால் 10,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் குறைந்து, வயலினும் ஜால்ராவும் திரைக்குப் பின்னால் நின்று ஒலிப்பதுபோல் மங்கும்.

வீட்டில் கட்டுவதற்கு ஏற்ற எளிய அமைப்பில் ஒரு பக்க ஒலிக்கு மூன்று ஆப்-ஆம்ப்கள், அதாவது சில்லுக்குள் அடங்கிய ஆயத்தப் பெருக்கிகள், போதும். உள்வாயிலில் 47 கிலோ ஓம் மின்தடை தரைக்கு இறங்க, முதல் ஆப்-ஆம்ப் 10 கிலோ ஓம், 330 ஓம் மின்தடைகளின் துணையால் 31 மடங்கு பெருக்குகிறது. அடுத்து 28.7 கிலோ ஓம் தொடராக நிற்க, 3.16 கிலோ ஓமும் 100 நானோ ஃபாரட்டும் தரைக்கு இறங்கி முதலிரு மாறிலிகளை அமைக்கின்றன. இரண்டாம் ஆப்-ஆம்ப் மறுபடி 31 மடங்கு பெருக்கியபின், 7.5 கிலோ ஓமும் 10 நானோ ஃபாரட்டும் 75 மைக்ரோ நொடியைத் தருகின்றன; மூன்றாவது ஆப்-ஆம்ப் பெருக்காமல், அடுத்த கருவியின் சுமை இந்தக் கணக்கைக் குலைக்காதபடி காவல் நிற்கிறது. 7.5 கிலோ ஓமுக்கு இணையாக 15 கிலோ ஓமை ஒரு ஸ்விட்ச் வழியாகச் சேர்த்தால் மொத்தம் 5 கிலோ ஓம் ஆகி, மாறிலி சரியாக 50 மைக்ரோ நொடிக்கு இறங்கிவிடுவது இந்த மதிப்புகளில் ஒளிந்திருக்கும் ஓர் இனிய வசதி. 330 ஓம் மின்தடைகளை நேரே தரையில் பற்றவைக்காமல் 220 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியே இறக்க வேண்டும். இல்லையெனில் சில்லின் சிறு நேர்மின் பிழையும் ஆயிரம் மடங்காகும். வெளிவாயிலில் மல்ட்டிமீட்டர் பல வோல்ட் நேர்மின்னழுத்தம் காட்டினால், அந்த மின்தேக்கிகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டி பேசத் தொடங்கியதும் பெரும்பாலும் முதலில் பேசுவது உறுமல்தான். ஜெர்மன் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 1000 ஹெர்ட்ஸை நூறு மடங்கு பெருக்கும் இந்தச் சுற்று, தாழ்ந்த ஒலியை மீட்கும் கடமையால், 50 ஹெர்ட்ஸை எழுநூறு மடங்கு பெருக்குகிறது. ஆகவே இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உறுமல் மறைந்தால் குற்றவாளி மின்வழங்கி. மறையாவிட்டால் உள்வாயிலை ஷார்ட் செய்ய வேண்டும். அப்போது அடங்கினால் அது தட்டைச் சுழற்றும் சுழலியிலிருந்தோ கம்பியிலிருந்தோ வருகிறது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள சாங்க்ட் கியோர்கனில் உருவான பழைய டுவல் சுழலிகளில் ஐந்து முள் டின் பிளக் இருக்கும். அதில் 3, 5 ஆம் முட்கள் ஒலியையும், 2 ஆம் முள் பொதுத் தரையையும் ஏந்துகின்றன. அதை வெட்டி இன்றைய ஆர்.சி.ஏ. பிளக்கும் தனி எர்த் கம்பியும் வைப்போர், உள்ளே உலோக உடலையும் ஒலித்தரையையும் இணைக்கும் சிறு பாலத்தை நீக்க மறப்பதுண்டு. அங்கேதான் ஜெர்மானியர் ப்ரும்ஷ்லைஃபே என்னும் உறுமல் வளையம் உண்டாகிறது. ஷூகோ எனப்படும் ஜெர்மன் மின்பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம் என்பதால், திருப்பிச் செருகிப் பார்ப்பதிலும் இழப்பில்லை. அதற்கும் அசையாத உறுமல், தொலைக்காட்சிக் கேபிளின் தரை வழியாகப் பெருக்கிக்குள் நுழைவதாக இருக்கலாம். ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கினால் உடனே தெரிந்துவிடும்; ஜெர்மன் கடைகளில் மான்டெல்ஷ்ட்ரோம் ஃபில்டர் என்று விற்கும் சிறு உருளையை அந்தக் கேபிளில் இடையே செருகினால் தீரும்.

உறுமல் அடங்கிய பிறகே அந்த 15 கிலோ ஓம் ஸ்விட்சுக்கு வேலை வருகிறது. 1957-க்கும் 1962-க்கும் இடைப்பட்ட ஜெர்மன் தட்டுகள் அனைத்தும் 50 மைக்ரோ நொடியில் வெட்டப்பட்டவை எனக் கொள்ளலாகாது; உறையில் அச்சிட்ட ஆண்டைவிட, இரு நிலைகளிலும் மாற்றி மாற்றிக் கேட்கும் செவியே அங்கே நம்பத்தக்க சாட்சி.