பதுங்கு குழியும் ஒட்டுப்பாலும்



ஜப்பானியர் மலாயாவிற்குள் நுழைந்த வரலாற்றைப் பாடநூலில் சில வரிகளில் படித்து முடித்துவிடுகிறோம். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்து அவர்கள் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அன்று விடியுமுன் சிங்கப்பூர்மீது குண்டுகள் விழுந்தன. மறுநாள் பட்டர்வொர்த் விமானத்தளம் தாக்கப்பட்டது. அத்தளத்திற்கு அணித்தே இருந்த ஒரு தோட்டத்து லயத்தில் எம் அன்னையார் அப்போது எட்டு வயதுச் சிறுமி. அவர் எமக்குப் பலகால் கூறியதையே இங்கு எழுதுகிறோம்.

ஆண்கள் பால்மரங்களுக்கிடையே குழி வெட்டினர். நேராக வெட்டத் தொடங்கியவர்களைக் கிராணியார் நிறுத்தி, வளைத்து வளைத்து வெட்டச் சொன்னாராம். வீண்வேலை என்று பலர் முணுமுணுத்தனர். ஆனால் காரணம் உண்டு. நேரான குழியின் ஒரு முனையில் குண்டு விழுந்தால் அதன் சில்லுகள் மறுமுனை வரை பாயும். வளைவு இருப்பின் மண்சுவர் தடுத்துவிடும். சில்லுகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பறப்பவை. ஆதலால் நிற்பவனைவிடத் தாழப் படுத்திருப்பவனே உயிர்தப்ப வாய்ப்பு அதிகம்.

விமான இரைச்சல் கேட்டதும் பாட்டியார் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஒட்டுப்பால் துண்டைக் கொடுத்துத் தாமும் ஒன்றைக் கடித்துக்கொள்வாராம். கடித்திருந்தால் வாய் மூடாது. வெடியதிர்ச்சி செவிப்பறையைத் தாக்கும் வேகம் குறையும் என்பது அக்கால அறிவுரை. அதன் நாற்றமோ குடலைப் புரட்டும். (ஒட்டுப்பால் மூட்டையருகே நின்றோர் அறிவர்!) "சத்தம் மறந்துபோயிற்று, அந்த நாற்றம் மறக்கவில்லை" என்பார் அன்னையார்.

டிசம்பர் 11ஆம் நாள் விமானங்கள் தோட்டத்தைக் கடந்து பினாங்குத் தீவை நோக்கிச் சென்றன. ஜார்ஜ் டவுன் மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவிற்கு வந்து அண்ணாந்து பார்த்து நின்றனர். அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லாத தீவு அது. குண்டுவீச்சைக் கண்டறியாத மக்கள். நின்ற கூட்டத்தின் நடுவே குண்டுகள் விழுந்தன; மாண்டோர் பலர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த எம் பெரிய மாமாவும் அன்று அங்கு வேலைக்குச் சென்றிருந்தார். கடலுக்கு அப்பால் புகை எழுவதைக் குழியிலிருந்து ஏறிப் பார்த்த பாட்டியார், இருட்டும் வரை வாயிலிருந்த ஒட்டுப்பாலைத் துப்பவில்லையாம்.

வெள்ளையர் இரவோடிரவாகத் தீவை விட்டகன்றபின், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மா. சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர் கார்ன்வாலிஸ் கோட்டைக் கொடியை இறக்கினார்; இனிக் குண்டு வீசவேண்டா என வானொலிவழி அறிவித்தார். 19ஆம் நாள் ஜப்பானியர் தீவினுள் புகுந்தனர்.

மாமா திரும்பவில்லை. குழியை எவரும் மூடவுமில்லை. அரிசி அருகிப்போன காலத்தில் பாட்டியார் அதன் கரையில் மரவள்ளிக் குச்சிகளை ஊன்றினார்.