வாடகைத் தாய்க்கான மருத்துவக் காப்பீடு: 36 மாதங்களின் பொருள்

பிறவியிலேயே கருப்பை இல்லாதவர்களும், நோயினால் கருப்பையை இழந்தவர்களும், பலமுறை கருச்சிதைவுற்றவர்களும் வாடகைத் தாய் முறையைப் பற்றி அறிய எம்மிடம் வருகின்றனர். வெற்றி வாய்ப்பு எவ்வளவு, எத்தனை முறை முயலலாம் என்பனவே அவர்கள் முதலில் கேட்பவை. கருவைச் சுமக்கும் பெண்ணின் உடலுக்கு ஏதேனும் நேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி பெரும்பாலும் இறுதியில்தான் எழுகிறது. சில வேளைகளில் எழுவதேயில்லை. ஆகவே அக்கேள்வியை இவ்விதழில் முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் வாடகைத் தாய்மை ஒழுங்குமுறைச் சட்டம், 2021 என்பது 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. ‘வாடகை’ என்னும் சொல் வழக்கில் நிலைத்துவிட்டது என்றாலும், வாடகை பெறுவதையே இச்சட்டம் தடை செய்கிறது. மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் பிற செலவுகள், காப்பீடு ஆகியவற்றைத் தவிர அப்பெண்ணுக்குக் கூலியாகவோ வெகுமதியாகவோ எதுவும் வழங்கலாகாது. அவர் திருமணமானவராகவும், சொந்தக் குழந்தை உடையவராகவும், 25 முதல் 35 வயதுக்குட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே அவர் வாடகைத் தாயாகலாம்.

பணப்பயன் ஏதுமின்றி முன்வரும் பெண்ணுக்குச் சட்டம் இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. முதலாவது, 36 மாதங்களுக்கான மருத்துவக் காப்பீடு. குழந்தையை நாடும் தம்பதியரே இதனை அவர் பெயரில் வாங்க வேண்டும். கர்ப்பத்தினால் விளையும் சிக்கல்கள், மகப்பேற்றுக்குப் பிந்தைய சிக்கல்கள் ஆகிய அனைத்தின் செலவுக்கும் போதுமான தொகைக்கு அது இருக்க வேண்டும் என்கின்றன 2022ஆம் ஆண்டின் விதிகள். தொகை இவ்வளவென்று ரூபாயில் குறிக்கப்படவில்லை. எனவே போதுமான தொகையைத் தெரிவு செய்யும் பொறுப்பு தம்பதியரைச் சார்ந்தது.

இரண்டாவது, நடுவர் அல்லது நோட்டரி முன்னிலையில் தம்பதியர் அளிக்கும் பிரமாணப் பத்திரம். மருத்துவச் செலவு, உடல்நலக் கேடு, இழப்பு, உயிரிழப்பு ஆகியவற்றுக்கு ஈடு செய்வதாக அவர்கள் அதில் உறுதியளிக்கின்றனர். மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவை மட்டுமே ஏற்கும். அதற்கு அப்பாற்பட்ட இழப்புகளுக்கு இப்பத்திரமே துணை.

ஏன் 36 மாதங்கள்?

சட்ட முன்வடிவில் முதலில் இருந்தது 16 மாதங்களே. மாநிலங்களவைத் தெரிவுக்குழுவின் பரிந்துரையால் அது 36 ஆயிற்று. மருத்துவ நோக்கில் இது பொருத்தமான மாற்றமே.

மகப்பேற்றின் தீங்குகள் எல்லாம் பிரசவ அறையோடு முடிவதில்லை. மிகுந்த இரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நிகழ்ந்தாலும், சில வாரங்கள் கழித்தும் ஏற்படலாம். கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் பிரசவத்திற்குப் பின்னும் பல வாரங்கள் நீடிக்கிறது. மகப்பேற்றோடு தொடர்புடைய இதயத் தசைத் தளர்ச்சி ஐந்து மாதங்கள் வரையில் வெளிப்படலாம். மனச்சோர்வும் தைராய்டு அழற்சியும் முதலாண்டில் எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம். கடும் இரத்தப்போக்கினால் பிட்யூட்டரி சுரப்பி பழுதுற்றால், அதன் அறிகுறிகள் மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தே புலப்படுவதும் உண்டு. சிசேரியன் தழும்பில் குடலிறக்கம் உண்டாவதும் அவ்வாறே.

குழந்தை தன் பெற்றோரிடம் சென்றபின், சுமந்தவரின் உடல்நிலையைக் கேட்பவர் குறைந்துபோகலாம். அக்காலத்திற்கே இக்காப்பீடு மிகவும் தேவை.

பழைய பாலிசி போதுமா?

“தங்கைக்கு ஏற்கெனவே பாலிசி இருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்கும் அக்காளுக்கு நாங்கள் கூறும் விடை: பெரும்பாலும் போதாது. சாதாரண மருத்துவக் காப்பீடுகளில் இடம்பெறும் பொது விலக்குகளில் செயற்கைக் கருத்தரிப்பும் வாடகைத் தாய்மையும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. மகப்பேற்றுச் செலவு தனியொரு விலக்கு. சிசேரியனும் அதில் அடங்கும். எனவே இச்சட்டத்தின்கீழ் வாங்கப்படும் பாலிசியில், இவ்விலக்குகள் பொருந்தா என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபுறம், கருவை உருவாக்குவதற்கும் பதிப்பதற்கும் ஆகும் செலவு பொதுவாக இக்காப்பீட்டில் அடங்காது. அதைத் தம்பதியர் தனியே ஏற்க வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி அவர்களுடைய குழந்தை. ஆகையால் குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சை தேவைப்பட்டால், அச்செலவுக்கு வாடகைத் தாயின் பாலிசியை நம்பியிருத்தல் கூடாது. பச்சிளங்குழந்தையைத் தங்கள் குடும்பப் பாலிசியில் எந்நாளிலிருந்து சேர்க்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

காலக்கணக்கில் கவனம்

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பாலிசி தொடங்கியபின் இரு முயற்சிகள் பலனின்றி 8 மாதங்கள் கழிகின்றன. விதிகள் அனுமதிக்கும் மூன்றாவது முயற்சியில் கரு தங்கி, ஏறத்தாழ 9 மாதங்களில் பிரசவம் நிகழ்கிறது. 36 மாதங்களில் 17 முடிந்துவிட்டன. பிரசவத்திற்குப் பின் எஞ்சுவது 19 மட்டுமே. முயற்சிகள் நீண்டால் காப்பீட்டையும் நீட்டிப்பதே முறை.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. 36 மாதங்கள் எந்நாளிலிருந்து கணக்கிடப்படும்? மூன்றாண்டுக்கும் ஒரே பாலிசியா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? புதுப்பிப்பதாயின் பிரீமியம் செலுத்தும் பொறுப்பு யாருடையது?
2. காத்திருப்புக் காலம் ஏதேனும் உண்டா?
3. அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா? வரம்பை மீறிய அறையில் தங்கினால் சில பாலிசிகளில் பிற கட்டணங்களும் அதே விகிதத்தில் குறைக்கப்படும்.
4. கருச்சிதைவு, கருக்குழாய்க் கர்ப்பம், இரட்டைக் கர்ப்பம், மனநல சிகிச்சை ஆகியவை அடங்குமா?
5. வாடகைத் தாய் வாழும் ஊரில் ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனை எது?

விடைகளை எழுத்தில் பெறுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் ஏற்புடையவையல்ல எனில் திருப்பியளிக்கலாம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவை அணுகுங்கள். ஒரு மாதத்தில் தீர்வில்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பாலிசியின் நகலும் காப்பீட்டு அட்டையும் வாடகைத் தாயின் கையிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் இரத்தப்போக்குடன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துவருபவர் அவருடைய கணவராகவோ தாயாராகவோ இருக்கக்கூடும். அப்போது அந்தத் தாள் வேறொருவர் வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.