கொல்கத்தாவின் கழிவுநீர் எங்கே போகிறது?

ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்த நகரம் கொல்கத்தா. அந்நகரின் கழிவுநீர் ஆற்றில்தானே கலக்கும் என்று நாம் எண்ணுவோம். ஆனால், அங்கு நிலம் ஆற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கு நோக்கிச் சரிந்துள்ளது. கிழக்கே ஓடும் கழிவுநீர் என்ன ஆகிறது? 1980களின் தொடக்கத்தில், மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருபஜோதி கோஷ் இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றார்.

அவர் கண்டவை ஆழமற்ற மீன்குளங்கள். வங்காளத்தில் அவற்றைப் 'பேரி' என்பர். (தமிழில் பேரி என்றால் முரசு!) கழிவுநீரை அளவறிந்து குளத்தில் விடுகின்றனர். வெயிலில் பாசி வளர்ந்து உயிர்வளியைத் தருகிறது; நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன; மீன்கள் பாசியை உண்டு வளர்கின்றன. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. இம்முறையைக் கண்டு வளர்த்தவர்கள் பொறியாளர்கள் அல்லர். மீன் வளர்க்கும் உழைப்பாளர்களே.

வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கோ இது நீர் தேங்கிய தாழ்நிலம். 1960களில் இந்நிலத்தின் ஒரு பகுதியை ஊக்ளியின் வண்டலால் நிரப்பி, சால்ட் லேக் என்னும் புதுநகரை எழுப்பினர். பெருகிய மக்களுக்கு வீடுகள் தேவைப்பட்டன என்பதும் உண்மையே. நிலத்தை மாற்றுமுன் அதன் சூழலை ஆராய வேண்டும் என்னும் சட்டம் அன்று நம் நாட்டில் இல்லை.

பின்னர் மற்றொரு பகுதியில் வணிக மையம் அமைக்கும் முயற்சி எழுந்தபோது, குடிமக்கள் அமைப்பு ஒன்று உயர்நீதிமன்றத்தை நாடியது. ஈரநிலத்தின் பயன்பாட்டை மாற்றலாகாது என 1992இல் தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்புள்ள இவ்வீரநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது; 2006இல் இதைக் காக்க மாநிலச் சட்டமும் இயற்றப்பட்டது.

இதற்கிடையே, 1994இல் நடுவண் அரசு குறிப்பிட்ட சில திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எனினும், அது ஓர் ஆலை, ஓர் அணை எனத் தனித்தனித் திட்டங்களையே ஆராய்கிறது. இந்நிலம் வீட்டுக்கா, நீருக்கா என்று நகரின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் நிறம் தீட்டும்போதே அவ்வாராய்ச்சி நிகழ வேண்டும். அதன்பின் ஆராய்வது, சுவர் எழுப்பியபின் மனை பார்ப்பதைப் போன்றது.

பயனறியாமல் நிலத்தை இகழும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வரி விதிக்கப்படாமல் பொதுப்பயனுக்கென விடப்பட்ட ஏரி, மேய்ச்சல் நிலம் முதலியவற்றைப் 'புறம்போக்கு' என்றனர். இன்று அச்சொல் எப்பொருளில் வழங்குகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சிரிப்பார்கள்.

சொற்பொருள்: வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவரும் படிவு, உயிர்வளி – ஆக்சிஜன், நடுவண் அரசு – மத்திய அரசு.

பயிற்சி
1. பிரித்து எழுதுக: இவ்வீரநிலம், அவ்வாராய்ச்சி.
2. மீன்குளத்தில் கழிவுநீர் தெளியும் முறையை உம் சொற்களில் விளக்குக.
3. சால்ட் லேக் அமைத்தது சரியா? இரு தரப்பாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.
4. நீவிர் வாழும் ஊரின் கழிவுநீர் எங்கே செல்கிறது? கேட்டறிந்து எட்டு வரிகளில் எழுதுக.